கண்ணில்லாத தேனீ

அட்டையில் இருந்த நெருப்புப் பல்லிக்குக் கண்கள் இல்லை. யாரோ ஊசியால் பொறுமையாகக் குத்தி எடுத்திருந்தார்கள். பக்கத்தில் கிடந்த இன்னொரு அட்டையில் ஒரு முதலை. அதற்கும் கண்கள் இல்லை.

"நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க," என்றாள் மிளகு. "இன்னும் ரெண்டு வந்திருந்தா நாம கண் ஆஸ்பத்திரிதான் திறந்திருக்கணும்."

எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. மருந்துக்கடைச் சீருடை, அதன்மேல் ஈரம் சொட்டும் மழைக்கோட்டு. கழற்றிக்கொள்ளச் சொல்லியும் கழற்றவில்லை. எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவள்போல நாற்காலி நுனியில் இருந்தாள். சீட்டாட்டக் கூடத்தில் அவளுக்குப் பெயர் சில்லு.

மேசைக்குப் பின்னால் இருந்த துப்பறிவாளருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் நிதானம். ஒருமுறை தீப்பிடித்த கட்டடத்திலிருந்து இறங்கும்போதுகூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கினார் என்று மிளகு எல்லோரிடமும் சொல்லித் திரிவாள். அவருடைய உதவியாளர் அவள். உருவம் சின்னது, காரம் பெரியது.

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாதும்மா," என்றார் நிதானம். "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

சில்லு இரண்டு அட்டைகளையும் ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினாள். "அரண்னு பேரு சார். எதிராளியோட கோட்டையை உடைக்கறவங்க ஜெயிப்பாங்க. எல்லாருக்கும் ஒரே சீட்டுக்கட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான அட்டை இருக்கு. அதுல நமக்கு வேண்டியதைப் பொறுக்கி நாமே ஒரு கட்டு கட்டிக்கணும். அதான் டெக். இப்போதைக்கு பலமான டெக் மூணு. எரிமலை, சதுப்பு, கண்ணாடி. எரிமலை எடுத்த எடுப்புல அடிக்கும். சதுப்பு அதை அணைச்சு, மெதுவா இழுத்து மூழ்கடிக்கும். கண்ணாடி எதிராளியோட அட்டையையே காப்பியடிச்சு அவன் மேல ஏவும். மெதுவா ஆடற சதுப்புக்கு அதுதான் எமன். ஆனா எரிமலை வந்தா, கண்ணாடி எழுந்து நிக்கிறதுக்குள்ள உடைஞ்சிடும்."

"மருமகளுக்கு மாமியார் பயம், மாமியாருக்கு மாமனார் பயம், மாமனாருக்கு மருமக பயம்," என்றாள் மிளகு. "எங்க வீடுதான்."

"அதேதான்க்கா. இந்த வாரம் எல்லாரும் எதை ஆடறாங்களோ, அதை அடிக்கிறதை எடுத்துட்டுப் போனா ஜெயிக்கலாம். ஜெயிச்சதைப் பார்த்து அடுத்த வாரம் எல்லாரும் அதுக்கே மாறிடுவாங்க. காத்து மாதிரி திசை மாறிக்கிட்டே இருக்கும். அதை நாங்க மெட்டான்னு சொல்லுவோம்."

"நீ எந்த டெக் எடுக்கப் போறேன்னு முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார். அதுதான்..." அவள் பல்லி அட்டையைச் சுட்டினாள். "எல்லாரும் கண்ணாடி ஆடினப்போ நான் எரிமலைக்கு மாறணும்னு முடிவு பண்ணேன். மனசுக்குள்ளதான். அன்னைக்கே மருந்துக்கடையில மாட்டியிருந்த என் பைக்குள்ள இந்தப் பல்லி. எரிமலையோட உயிரே இந்த அட்டைதான். அப்புறம் கூடமே எரிமலைக்கு மாறிச்சு. நான் சதுப்புக்குப் போலாம்னு நினைச்சேன். எங்க வீட்டு வாசக்கதவுக்கு அடியில இந்த முதலை."

ஒவ்வொரு அட்டையும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கூடவே ஒரு துண்டுத்தாள். 'ஞாயிற்றுக்கிழமை ஆடாதே.'

"ஞாயித்துக்கிழமை என்ன?"

"இறுதிச் சுற்று சார். ஜெயிச்சா அட்டை தயாரிக்கிற கம்பெனியிலேயே வேலை. புது அட்டைகளை வெளியிடறதுக்கு முன்னாடி ஆடிப் பார்க்கற வேலை. வேற நாட்டுல. வீடும் அவங்களே தருவாங்க, துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டும் போகலாம். நான் தனியாத்தான் போறதா இருந்தேன். இப்போ போகவே வேணாம்னு தோணுது. ராத்திரி கண்ணை மூடினா, யாரோ என் கண்ணையே பார்த்துக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு."

"வீட்டுல யார் யாரும்மா?"

"அண்ணன், அண்ணி, நான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எதிர்ல உட்கார்ந்து எனக்குப் பயிற்சி கொடுக்கறது அவன்தான். முதலை வந்த அன்னைக்கே வாசக்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுட்டான். அண்ணிக்கு இதெல்லாம் பொம்மைப் படம். கிட்டயே வர மாட்டாங்க."

நிதானம் இரண்டு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"உன்னை யாரும் பார்க்கலம்மா. உன்னை மாதிரி யோசிக்கிறாங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு உனக்குத் தெரிஞ்ச மாதிரி இன்னொருத்தருக்கும் தெரியுது. எல்லாரும் கண்ணாடி வெச்சிருந்தா சில்லு எரிமலைக்குத்தான் போவா. இதுக்கு சன்னல் வழியா எட்டிப் பார்க்கணுமா?"

அவள் தோள்கள் சற்றே இறங்கின. "நிஜமாவா சார்?"

"சோதிச்சுப் பார்த்துடுவோம். இருக்கறதுலேயே மட்டமான டெக் எது?"

"தேன்கூடு," என்றாள். முதல்முறையாக உதட்டோரம் ஒரு சிரிப்பு. "அதை எடுத்துட்டுப் போனா கூடமே கைகொட்டிச் சிரிக்கும்."

"இன்னைக்கு அதைக் கட்டு. வழக்கம்போல வீட்டுல ஆடிப் பழகு. யோசிச்சுக் கண்டுபிடிக்கிற ஆளா இருந்தா, அடுத்து நீ கண்ணாடிக்குப் போவேன்னுதான் நினைப்பான். கண்ணாடி அட்டை வரும். நீ பயப்படாம தூங்கலாம்."

"தேனீ வந்தா?"

நிதானம் இரண்டு அட்டைகளையும் எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

*

மறுநாள் மதியம் தொலைபேசி அலறியது.

"தேனீ வந்துடுச்சு சார்."

பேருந்து நிழற்குடையின் மூலையில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள் சில்லு. மழை அடித்துக்கொண்டிருந்தது. அவள் முழுக்க நனைந்திருந்தாள். குடை காலடியில் கிடந்தது. அதைத் தொடக்கூட அவள் தயாராக இல்லை.

"வேலைக்குக் கிளம்பி, தெருவுக்கு வந்து விரிச்சேன். உள்ளேயிருந்து என் தலையில விழுந்துச்சு."

"குடை எங்க இருந்தது?"

"காலையில நானே மடிச்சு வீட்டுக்குள்ள ஆணியில மாட்டினேன். அப்போ எதுவும் இல்ல. அப்புறம் வீட்டை விட்டு வெளியவே போகல." அவள் விரல்விட்டு எண்ணினாள். "முதல்ல கடை. அப்புறம் வாசல். இப்போ வீட்டுக்குள்ள. அடுத்து எங்க சார்? என் தலையணையா?"

"என் கணக்கு தப்பும்மா," என்றார் நிதானம். அப்படி அவர் சொல்லி மிளகு கேட்டதே இல்லை. பயத்தை மறைக்க அவள் வழக்கமான வழியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா மரியாதையான ஆள் சார். கண்ணைக் குத்திட்டு, அட்டை நனையக்கூடாதுன்னு சட்டை வேற போட்டு அனுப்பியிருக்கான். கொலை பண்ணிட்டுக் குளிருமேன்னு போர்வை போத்திட்டுப் போற கொலைகாரனை இப்பதான் பார்க்கிறேன்."

நிதானம் நிமிர்ந்தார். "இன்னொரு தடவை சொல்லு."

"எதை? குளிருமேன்னா?"

"உறையிலேர்ந்து எடுத்து, குத்தி, திரும்ப உறையில போட்டிருக்காங்க. அட்டைன்னா உயிரா இருக்கறவங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் வரும். சில்லு, உங்க அண்ணன் உறை போடுவாரா?"

"அவனா? டீ கிளாஸுக்கு அடியில அட்டையை வைப்பான் சார். தினம் அதுக்குத்தான் சண்டை."

"இது ராணித் தேனீயா?"

சில்லு அட்டையை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். "இல்ல... இது வேலைக்காரத் தேனீ." புருவம் சுருங்கியது. "தேன்கூடுன்னாலே எல்லாரும் ராணியைத்தான் சொல்லுவாங்க. பெரிய படம், பளபளன்னு இருக்கும். நேத்து அண்ணன்கூட, ராணி வந்தாத்தான் நீ பொழைப்பேன்னு கத்தினான். ஆனா கூட்டைத் தாங்கறது இதுதான் சார். இது இல்லாட்டி ராணி வந்தும் பிரயோசனமில்ல. ரொம்ப நல்லா ஆடறவங்களுக்குத்தான் அது தெரியும்."

"உங்க வீட்டுல அப்படி யாரு?"

"என்னைத் தவிர யாரும் இல்ல," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே பயமாக இருந்தது.

*

மூன்று மாடி ஏற வேண்டியிருந்தது. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு பலகை.

"லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடம்," என்று மூச்சு வாங்கினாள் மிளகு. "இனிமே பல் டாக்டர்கிட்ட போனா முதல்ல அவர் வாயைத் திறக்கச் சொல்லணும்."

படியேறிக்கொண்டே நிதானம் கேட்டார். "ஆட்டத்துல ஒரு அட்டையைப் பயன்படுத்தினதும் என்னம்மா பண்ணுவீங்க?"

"பக்கவாட்டுல படுக்க வெச்சிடுவோம் சார். திரும்ப நம்ம முறை வந்ததும் முதல் வேலையா அதையெல்லாம் நிமிர்த்திட்டு, கட்டு மேலேர்ந்து ஒரு அட்டை எடுப்போம். கண்ணை மூடிக்கிட்டே கை செய்யும்."

"உள்ளே போனதும், பாதி ஆட்டத்துல நிக்கற மாதிரி மேசையில விரிச்சு வை. ரெண்டு பக்கமும் கொஞ்சம் படுத்துக் கிடக்கட்டும்."

கதவைத் திறந்தது அண்ணன். ஆறடி உயரம், கலகலப்பான முகம், கையில் கருவிப்பை.

"வாங்க வாங்க! குட்டி போன்ல சொன்னா," என்று தங்கையின் தலையில் தட்டினான். "எங்கேயோ லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்களாம், கிளம்பணும். நீங்க இருங்க." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். "ஏய், டீ கொண்டா!"

அண்ணி தட்டோடு வந்தாள். மெலிந்த உருவம். புழுக்கமான அறையில் மணிக்கட்டுவரை மூடிய கை. தட்டில் இருந்தது எல்லாம் பிளாஸ்டிக் தம்ளர். நிதானத்தின் பார்வை அங்கிருந்து அலமாரிக்குப் போனது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, கண்ணாடி மட்டும் இல்லை. படுக்கையறைக் கதவின் நடுவில் ஒட்டுப்பலகை அறைந்திருந்தது.

"இந்த வீட்டுல கதவெல்லாம் குத்துச்சண்டைக்குப் போகுமா?" என்றாள் மிளகு.

அண்ணன் சத்தமாகச் சிரித்தான். "பழைய வீடும்மா. அது கிடக்கட்டும், அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." என்று உள்ளங்கையில் ஓங்கிக் குத்தினான்.

அண்ணியின் கண்கள் இறுக மூடின. நிதானம் அதைப் பார்த்தார். சத்தம் கேட்டு மூடிய கண்கள் அல்ல அவை. சத்தம் வருமுன்பே மூடிவிட்டன.

அண்ணன் போனான். படியில் அவன் காலடி ஓசை தேய்ந்து அடங்கியது.

சில்லு சாப்பாட்டு மேசையில் அட்டைகளை விரித்தாள்; கண்ணில்லாத மூன்றையும் ஓரமாக வைத்தாள். நிதானம் ஒரு பக்கம் உட்கார்ந்தார்.

"உட்காருங்கம்மா," என்றார் அண்ணியிடம், எதிர் நாற்காலியைக் காட்டி. "நேத்து வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரலீங்க."

"இந்த அட்டையெல்லாம் நீங்க தொடுவீங்களா?"

"எனக்கு என்ன தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி பொம்மையா இருக்கு."

"எனக்கும் அப்படித்தான். இவ கத்துக் கொடுத்தா, மண்டையில ஏறல." பேசிக்கொண்டே தன் பக்கத்தில் கோட்டைக்குக் காவலாக நின்ற முதலையை எடுத்து முன்னால் தள்ளினார். கோட்டை திறந்து கிடந்தது. அண்ணி மெதுவாக உச்சுக் கொட்டினாள்.

"அவ்வளவுதான், என் முறை முடிஞ்சுது," என்று நிதானம் சாய்ந்து உட்கார்ந்தார். "மழை விட்டுடுச்சாம்மா?"

அண்ணி சன்னல் பக்கம் திரும்பினாள். "இன்னும் தூறிக்கிட்டுத்தான் இருக்குங்க."

கண் மழையைப் பார்த்தது. கை மேசையில் இருந்தது. படுத்துக் கிடந்த அட்டைகளை வரிசையாக நிமிர்த்தியது. கட்டின் மேலிருந்து ஒரு அட்டையை எடுத்தது.

அண்ணி மெதுவாகத் திரும்பித் தன் கையைப் பார்த்தாள். அது யாருடைய கையோ என்பதுபோல.

"நான்... கோணலா இருந்துச்சு, ஒழுங்கா வெச்சேன்."

"சுத்தம் பார்க்கிறவங்க மேசை முழுக்க ஒழுங்கு பண்ணுவாங்கம்மா," என்றார் நிதானம் மிருதுவாக. "என் பக்கத்துல நாலு அட்டை கோணலா கிடக்கு. நீங்க தொடல. உங்க பக்கத்தை மட்டும் நிமிர்த்தினீங்க."

"அண்ணி?" சில்லுவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீங்களா? அந்தக் கண்ணெல்லாம் நீங்களா குத்தினீங்க?"

அண்ணி கையிலிருந்த அட்டையை உறையோடு மேசையில் வைத்தாள். நுனி மடங்காமல், பக்குவமாக.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பார்க்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் நான் ரெண்டு பக்கமும் ஒருத்தியாவே ஆடுவேன். இந்த வீட்டுல எனக்குச் சத்தம் போடாம இருந்தது அது ஒண்ணுதான்." நிமிர்ந்தாள். "பல்லியும் முதலையும் நான் பார்த்து வைக்கல சில்லு. யோசிச்சு வெச்சேன். கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்தப்போ உன் பைக்குள்ள போட்டேன். தேனீயைத்தான் பார்த்தேன். நீ ஏன் அதுக்குப் போனேன்னு இன்னும் புரியல."

"என்னை ஏன்... ராத்திரியெல்லாம் நடுங்கினேனே அண்ணி! உங்க பக்கத்துலதானே வந்து படுத்தேன்!"

"தெரியும். பயமுறுத்தறது எப்படின்னு எனக்கு நல்லாத் தெரியும். வீட்டுலேயே கத்துக்கிட்டேன்." சட்டைக் கையை மெல்ல மேலே இழுத்தாள். முழங்கைக்குக் கீழே தோல், மழைக்கால வானத்தின் நிறத்தில் இருந்தது. "நீ வீட்டுல இருக்கும்போது அவர் கை ஓங்க மாட்டாரு. உனக்கு வேலை இருக்கற நேரம்தான் எனக்குக் கெட்ட நேரம். நீ ஜெயிச்சா நாட்டை விட்டே போயிடுவே. அப்புறம் எனக்கு நாள் முழுக்க..." படுக்கையறைக் கதவைக் காட்டினாள்.

மிளகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கதவு," என்றாள் சில்லு, ஒட்டுப்பலகையைப் பார்த்தபடி. "காத்துல அடிச்சுக்கிச்சுன்னு சொன்னான். நானும் நம்பினேன். நம்பறதுதான் எனக்குச் சுலபமா இருந்தது."

அப்போது கீழே படியில் காலடி கேட்டது.

லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். அண்ணி எழுந்து நின்றாள். ஏற்றிய சட்டைக் கையைச் சட்டென்று கீழே இழுத்துவிட்டாள்.

"கோபமா வர்றாரு."

"எப்படித் தெரியும்?" என்று கிசுகிசுத்தாள் மிளகு.

"கைப்பிடிக் கம்பியில சாவியைத் தட்டிக்கிட்டே வர்றாரு. கேட்கலையா?"

கேட்டது. டங். டங். ஒரு மாடி. டங். இன்னொரு மாடி. மிளகு தொலைபேசியை எடுத்துக் காவல் நிலையத்துக்கு எண்ணை அழுத்தினாள். இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறை வீட்டு முகவரியைச் சொன்னாள். நிதானம் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதில் அவசரமில்லாமல் உட்கார்ந்தார்.

சில்லு கதவருகே போனாள். அண்ணன் வாங்கி வந்த புதுப் பூட்டு. அதற்கு மேலே, அவனே தன் கையால் பொருத்திய தடித்த தாழ்ப்பாள். வெளியிலிருந்து ஆபத்தானவர்கள் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. அவள் இரண்டு கையாலும் பிடித்துத் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

சாவி நுழைந்தது. திரும்பியது. கதவு அசையவில்லை.

"ஏய், என் லிஃப்ட் சாவியை எங்க வெச்சுத் தொலைச்சே? யாரு தாழ் போட்டது? ஏய்!"

"நான்தான் அண்ணா."

"குட்டியா? விளையாடாத. திற. அவ ஏதாவது சொன்னாளா?"

சில்லு மேசைக்குத் திரும்பி வந்து அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தாள். கதவில் முதல் குத்து விழுந்தபோது நிதானத்தின் நாற்காலி ஒரு விரல் அளவு நகர்ந்தது. அவர் அதைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"துணைக்கு ஒருத்தர் வரலாம்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா அண்ணி?" என்றாள் சில்லு. "முதல்ல நான் ஜெயிக்கணும். ஞாயித்துக்கிழமை எதை எடுத்துட்டுப் போகட்டும்?"

அண்ணி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி. இங்க பாருங்க. எதை எடுக்கட்டும்?"

அண்ணியின் விரல்கள் மேசையில் கிடந்த அட்டைகளைத் தேடின. முதலில் தடுமாறின. பிறகு ஒவ்வொன்றாக ஒதுக்க ஆரம்பித்தன.

"எரிமலையை அடிக்க எல்லாரும் சதுப்புக்குப் போயிருப்பாங்க," என்றாள், மூச்சுக்காற்றைவிட மெல்லிய குரலில். "கொஞ்சம் விவரமானவங்க அதை அடிக்கக் கண்ணாடிக்கு மாறியிருப்பாங்க. இறுதிச் சுத்துக்கு வர்றது விவரமானவங்கதானே. அதனால..."

கண்ணில்லாத நெருப்புப் பல்லியை எடுத்துச் சில்லுவின் முன்னால் நிமிர்த்தி வைத்தாள்.

கதவு மறுபடி அதிர்ந்தது. இந்த முறை அவள் கண்கள் மூடவில்லை.